ஆசுப்பத்திரிப் பிள்ளைகள் விடுதியில் கை பழகவேணும்

மனத்தைரியம் அறிவுரையால் வராது. கை பழகினால்தான் வரும். வன்னியில் தாதிய மாணவிகளுக்குக் கற்பிக்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்கவேணும்.

உதாரணத்துக்கு, நின்ற இதயத்தைத் திரும்ப இயக்கக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தைப் பாருங்கோ. 1 மில்லிகிராம் மருந்து 1 மில்லிலீற்றரில் இருக்கும். அதோடு 9 மில்லிலீற்றர் சேலைன் சேர்த்து, இதயம் நின்ற 10 கிலோப் பிள்ளைக்கு 1 மில்லிலீற்றர் ஏற்றவேணும். பதட்டத்தில் பிழையாகிப்போவது இந்தக் கணக்குத்தான்: தசமப்புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு கூடிப்போகும். அதனால் நிறை தெரிந்தவுடனேயே அளவை எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கோ. ஊசியில் இழுத்ததை இன்னொருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். இருவர் நின்றால் நெஞ்சில் 15 அமுக்கலுக்கு 2 மூச்சு கொடுக்கவேணும். 2 நிமிடத்தில் ஆள் மாறவேணும், களைத்த கை ஆழமாக அமுக்காது.

பிள்ளை தப்பாத இரவுக்கும் பழக்கவேணும். வேலைநேரம் முடியமுன் 10 நிமிடம் இருந்து கதையுங்கோ: என்ன நடந்தது, எது சரியாகப் போனது, எது பிந்தியது. "யார் பிழை?" என்று தொடங்கினால் மாணவி பிறகு வாயே திறக்கமாட்டாள்.

2009 போரில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று இங்கே சீருடை போட்டிருக்கிறார்கள். சில அழுகுரல்கள் அவர்களைப் பழைய பங்கருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். கதைக்கச் சொல்லி நெருக்கவேண்டாம். தண்ணி கொடுத்துப் பக்கத்தில் இருங்கோ. அடுத்த கனூலாவை, அதாவது மருந்தேற்ற நாளத்தில் செருகும் குழாயை, மூத்த தாதி போடட்டும்.