ஐந்து ஒன்பதும் ஓர் ஆணியும்

இடுப்பு வலி இன்னும் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஸ்பிளெண்டர் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. 2004-இல் அப்பா வாங்கிய வண்டி. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, எங்கள் டேங்கில் மட்டும் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு ஊர் ஊராகப் பத்திரிகை வைத்தது இதில்தான். நான் கியர் போடப் பழகி வேலியில் போய் விழுந்ததும் இதில்தான். நடுவில் ஒரு தடவை மீட்டர் கேபிள் அறுந்து, மாற்றச் சோம்பல்பட்டு எட்டு மாசம் அப்படியே ஓட்டினோம். அதைச் சேர்த்தால் லட்சம் எப்போதோ தாண்டியிருக்கும். எனக்கு மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்தே இலக்கம். 99,999 முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பூஜ்யம். அந்தப் பூஜ்யம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புது வண்டிக்கு அப்பா பூஜை போட்ட இடம் அது. சேலத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் போனில் தூரம் பார்த்து, அதை லட்சத்தில் கழித்து, அந்த எண் வந்த அன்றே வண்டியை மூடிப் போட்டுவிட்டு, மூன்று நாள் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பட்ஜெட் 900 ரூபாய். பெட்ரோல் 400, மீதி இரண்டு பேர் சாப்பாட்டுக்கு. நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு முழம் சாமந்தியும் அம்மா உபயம்.

ஞாயிறு காலை ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அதுவரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்துதான் மலை ஏற்றம். 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் இது எத்தனையாவது என்று பலகை. எங்கள் வண்டி 97 சிசி, பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் 84 கிலோ. நான்கு கியரில் மேல் இரண்டுக்கும் அன்றைக்கு லீவு. வளைவில் முதல் கியர், நிமிர்ந்தால் இரண்டாவது, அடுத்த வளைவில் மறுபடி முதல். ஹெல்மெட்டில் கேமரா மாட்டிய பெரிய பைக்குகள் 'விர்'ரென்று எங்களைத் தாண்டிப் போயின. முப்பத்துச் சொச்சத்தில் ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. அது திரும்புவதற்கு மொத்த ரோடும் வேண்டும். நாங்கள் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றோம். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையால் எங்களுக்கு 'போங்க' என்று காட்டினார். அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

மேலே சோளக்காடு என்ற ஊரில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். கொல்லிமலைக்குப் போய் இதைக் குடிக்காமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை. ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும் ஒரு கிழங்கு. கடைக்காரம்மா கத்தியால் அந்த ரோமத்தைச் சீவித் தள்ள, உள்ளே வெளிர்பச்சையாகத் தெரிந்தது. இடித்த மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றித் தந்தார். ஒரு டம்ளர் 30 ரூபாய். முதல் வாய்க்கு மூக்கு ஒழுகியது. இரண்டாவது டம்ளர் வாங்கினேன். நண்பன் மூன்று. மூட்டுவலி போகுமாம். எங்களுக்கு அதுவரை மூட்டுவலி இல்லை.

தப்பு நடந்ததும் அங்கேதான். காட்சிமுனைக்குப் போக வேண்டும் என்று அவன் அடம்பிடித்தான், திரும்பும்போது வேறு ஒரு ரோட்டில் விட்டுவிட்டேன். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையருகே நிறுத்தி மீட்டரைப் பார்த்தால் 99,997. கோயிலுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்கிறது. மூன்று நாள் டவுன் பஸ்ஸில் தொங்கியது வீண்.

"விடு மாப்ள, எங்க விழுந்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்டா" என்றான். அடிக்கலாம் போலிருந்தது.

ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் என்கிறது சங்கப் பாட்டு. எங்களைத் துளைக்க ஓர் ஆணி போதுமாக இருந்தது. செம்மேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் பின்டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. மீட்டர் 99,999. அதற்குப் பக்கத்தில் நூறு மீட்டர் காட்டும் சின்ன இலக்கம் ஏழில் நின்றது.

வேறு வழியில்லை, தள்ளினோம். நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, அவன் பின்னாலிருந்து உந்தினான். லேசான மேடுதான், காற்றில்லாத டயருக்கு அதுவே எழுபத்தோராவது வளைவு. ஒன்று மட்டும் நல்லது. மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. எஞ்சின் ஓடாவிட்டாலும் சக்கரம் உருண்டால் மீட்டர் ஓடும்.

எட்டு. ஒன்பது. அப்புறம் எல்லா ஒன்பதும் ஒரே நேரத்தில் மேலே நகர ஆரம்பித்தன. பாதியில் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிக்குள் ஐந்து ஒன்பதின் அடிப்பாகமும் ஐந்து பூஜ்யத்தின் தலையும் தெரிந்தன. போட்டோ எடுத்தேன். கை நடுங்கி மங்கலாகத்தான் விழுந்தது. இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினோம். 00000. ரோட்டோரம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடந்தது, ஆள் நடமாட்டமே இல்லை. சாமந்தியை ஹேண்டில்பாரில் சுற்றி, எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தில் வைத்து நசுக்கினோம். அப்பாவுக்கு போன் போட்டேன். "ஸ்டெப்னி ட்யூப் கொண்டு போகலையா?" என்று மட்டும் கேட்டார்.

பஞ்சர் கடை இன்னும் அரை கிலோமீட்டர். ட்யூப் கிழிந்துவிட்டது, புதுசு போட 550 என்றார் கடைக்காரர். கீழே இதில் பாதிதான். மலைக்கு ஏற்றிவரும் செலவு இருக்கும், சரி, அதற்காக டபுளா? கெஞ்சிக் கூத்தாடி 500-க்கு வந்தார். சாப்பாட்டுக் காசு அவ்வளவும் அங்கேயே போனது, நண்பனிடம் கடன். பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவர் மாலையைப் பார்த்தார், மீட்டரையும் குனிந்து பார்த்தார்.

"தம்பி, பூரா முட்டையா நிக்குதே. கேபிள் கட் ஆயிருக்கு போல. அதையும் மாத்திடட்டுமா? முந்நூறு ஆகும்."