தூத்துக்குடி பெர்த்தில் பேலஸ்ட் எடுக்கும் பாடு

வ.உ.சி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற கப்பல், கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளுவாய்) அள்ள அள்ள எழும்பும். அந்த எடைக்கு ஈடாக நம்ம கடல் தண்ணீரை டேங்குகளில் ஏற்ற வேண்டும், அதுதான் பேலஸ்ட். பனாமாக்ஸ் (பழைய பனாமா கால்வாய்க்குள் அடங்கும் அளவுக் கப்பல்) என்றால் சுமார் 20,000 டன். உப்பு ஏற்ற வருகிற கப்பல் நேர் எதிர்: வேறு கடலின் தண்ணீரை, அதிலுள்ள அந்நிய உயிர்களோடு இங்கே கொட்டும். வான் தீவும் பவளப்பாறையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

முன்பு நடுக்கடலில் தண்ணீரை மாற்றினால் போதும். கரையிலிருந்து 200 கடல் மைல், முடியாவிட்டால் 50. ஆழம் 200 மீட்டர். கொழும்பு–தூத்துக்குடிப் பாதையில் 200 மைலுக்கு எங்கே போக? அதற்காகச் சுற்றிப் போகச் சொல்லி விதியும் வற்புறுத்துவதில்லை. 2024 செப்டம்பர் 8-க்குப் பிறகு சர்வதேச பேலஸ்ட் நீர் உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்களுக்கு, கொட்டும் தண்ணீருக்கான டி-2 தரம்தான்: 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள், கனமீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக. அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெஷின் ஓடியே ஆகணும்.

தொல்லை ஃபில்டரில் தொடங்கும். வலைக்கண் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். இழுவைப் படகின் புரொப்பல்லர் அடிச்சேற்றைக் கிளப்பினால் வலை அடைக்கும், இரு பக்க அழுத்த வித்தியாசம் ஏறும், பேக்ஃப்ளஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு வலையைக் கழுவுவது) திரும்பத் திரும்ப ஓடும், டேங்குக்குப் போகும் நீர் பாதியாகும். கிராப் காத்திருக்குமா? கப்பலின் உடல்மேல் வளைவு அழுத்தம் கூடும்போது சீஃப் ஆபிசரின் கை, மெஷினைத் தவிர்த்துத் தண்ணீரை நேரே டேங்குக்கு விடும் பைபாஸ் வால்வைத் தேடும். திறந்த நேரம் கண்ட்ரோல் பேனலில் பதிவாகிவிடும், மறைக்க வழியில்லை. திறந்தால் அந்த டேங்க் சுத்திகரிக்காத டேங்க்தான். ஆழ்கடலில் தண்ணீரை மாற்றி, புதுத் தண்ணீரை மெஷின் வழியே எடுக்க வேண்டும்.

அதனால் தூர்வாரும்போதும் வற்றத்திலும் எடுக்காதீர்கள். இரவில் அடித்தள உயிர்கள் மேலே வரும், அதையும் தவிர்த்தால் நல்லது. சரக்கு இறக்கும் திட்டத்திலேயே ஃபில்டர் மந்தப்படும் நேரத்தைச் சேர்த்துப் போடுங்கள்.

யு.வி. (புற ஊதா ஒளி) மெஷினுக்குக் கலங்கல்தான் எதிரி, ஒளி ஊடுருவாது. அது வெளியேற்றும்போதும் ஒருமுறை ஓட வேண்டும். மின்பகுப்பில் குளோரின் செய்யும் மெஷினுக்கு நம்ம உப்புத் தண்ணீர் தோது. ஹால்தியா மாதிரி ஆற்றுத் துறைமுகத்தில்தான் திணறும். சில கப்பல்கள் அதற்கென்றே பின்முனை டேங்கில் கடல்நீர் வைத்திருக்கும். கொட்டும்போது மிச்சக் குளோரினைச் சோடியம் தயோசல்பேட் போன்றவற்றால் முறிக்க வேண்டும். அதை அளக்கும் சென்சாரின் ரசாயனம் காலாவதியாகியிருந்தால் அளவு தப்பாகக் காட்டும், மெஷின் நிற்கும். பெரிய பழுது என்று பயந்து தேடினால், பல நேரம் இந்தச் சின்ன பாட்டில்தான் காரணம்.

பேலஸ்ட் பதிவேட்டின் படிவம் 2025 பிப்ரவரி 1 முதல் மாறிவிட்டது. பேனல் பதிவும் புத்தகமும் ஒரே நேரக் கணக்கில் இருக்கட்டும். ஒன்று உள்ளூர் நேரம், மற்றொன்று கிரீன்விச் நேரம் என்றால் ஆய்வாளர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.