தாழ்வாரத்தில் கேட்ட கேள்வி

“இயந்திரம் செப்டம்பருக்குள் ஓடுமா?” என்றுதான் கேட்டார். ஓடாது என்று எனக்குத் தெரியும், அதற்கு வேண்டிய பம்ப் இன்னும் வரவில்லை. “எங்கள் நிர்வாகம் எழுத்தில் தெரிவிக்கும்” என்றேன்.

அவர் அமெரிக்க எரிசக்தித் துறை எங்கள் ஆய்வகத்தை மேற்பார்வையிட வைத்திருக்கும் தள அலுவலகத்துக்காரர். எனக்குச் சம்பளம் தருவது ஆய்வகத்தை ஒப்பந்தத்தில் நடத்தும் நிறுவனம். கட்டடம் அரசுடையது, காந்தங்கள் அரசுடையவை, நான் மட்டும் அரசு ஆள் இல்லை.

விதிப்படி நான் சொன்னது சரி. என்ன வேண்டும் என்பதை அரசு சொல்லும், எப்படிச் செய்வது என்பது ஒப்பந்தக்காரர் பாடு. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டக் காலத்து ஏற்பாடு இது. அதிகாரிகள் ஒவ்வொரு பொறியாளரிடமும் நேரே வந்து விசாரிக்க ஆரம்பித்தால், நாளைக்கு உத்தரவும் நேரே வரும். அதைத் தவிர்க்கத்தானே ஆய்வகங்களை வெளியாட்களிடம் கொடுத்தார்கள்?

ஆனால் அந்தக் காலத்து வெளியாட்கள் வேறு மாதிரி. சாண்டியா ஆய்வகத்தைத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1949 முதல் 1993 வரை லாபம் எடுக்காமல் நடத்தியது. லாஸ் அலமோஸ் ஆய்வகம் 1943 முதல் 2006 வரை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கையில் மட்டும் இருந்தது. பிறகு பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனம் முதலானவை சேர்ந்த கூட்டு நிறுவனம் வந்தது. நடத்துவதற்கு அரசு தரும் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. எங்களைப் போன்ற அறிவியல் ஆய்வகங்களுக்கு ஆண்டுதோறும் ஏ, பி என்று தரம் போடுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல. நடத்தும் நிறுவனத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதில் அந்தத் தரத்துக்குப் பங்கு உண்டு. நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. அவர் ஏன் செப்டம்பர் என்றார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

நிர்வாகத்தின் அறிக்கை போனது. அட்டவணைப்படி நடக்கிறது, சில ஆபத்துகள் கண்காணிப்பில் உள்ளன என்றது. இந்த வரி பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. தாமதம் முறைப்படி அறிவிக்கப்பட்டது அக்டோபரில். யாராவது திட்டமிட்டார்களா? அப்படி நினைக்க என்னிடம் ஆதாரம் இல்லை. பம்ப் தருபவர்களே அதுவரை தேதி சொல்லவில்லை என்பதும் உண்மை.

அப்புறம் ஒருநாள் அந்த அதிகாரியே சொன்னார்: “இங்கே நிறுவனம் மாறியபோதும் நீங்கள் மாறவில்லை. அதனால் உங்களைக் கேட்டேன்.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

புரூக்ஹேவன் ஆய்வகத்தின் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அணு ஆய்வு உலையின் எரிபொருள் குளத்திலிருந்து டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் நிலத்தடி நீரில் கலந்தது 1997-ல் வெளிவந்ததும், 1947 முதல் நடத்திவந்த அமைப்பின் ஒப்பந்தத்தை அரசு முடித்துவைத்தது. பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழும், ஆகவே பேச வேண்டியதும் நிறுவனம்தான் என்று அதை வைத்து வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் வெளியேறியது நிறுவனம். ஊழியர்களில் பெரும்பாலோர் அங்கேயே வேலையைத் தொடர்ந்தார்கள். எது எங்கே கசிகிறது என்பது தெரிந்தவர்கள் இவர்கள் என்றால் அந்தப் பொறுப்பு யாருடையது? இந்த இடத்தில் என் வாதம் நொண்டுகிறது.

ஒப்பந்தத்தை மதித்தேன் என்கிறேன். நேரே சொல்லியிருந்தாலும் பம்ப் சீக்கிரம் வந்திருக்காது. அந்த ஆண்டின் தரம் மட்டும் மாறியிருக்கலாம், அதுகூட உறுதியில்லை.

அவருக்குப் பின் வந்த அதிகாரி யாரையும் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்பதில்லை. எல்லாம் மின்னஞ்சல்தான், அதுவும் மேலாளர் வழியாக. எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.