கொப்புளத்தில் எடுக்காதீர்கள், பக்கத்தில் எடுங்கள்

"மாதிரி ஃபார்மலினில் பெறப்பட்டது. இம்யூனோஃப்ளூரசென்ஸ் பரிசோதனைக்கு ஏற்றதல்ல." டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற தோல் நோயை உறுதிசெய்ய எடுத்த பயாப்ஸி, அதாவது தோல் துணுக்குச் சோதனையின் முடிவில் இருந்தது இந்த இரண்டு வரிதான். மரத்துப்போக ஒரு ஊசி, முழங்கையில் ஒரு ஓட்டை, இரண்டு தையல், 10 நாள் காத்திருப்பு, எல்லாம் இதற்காக. தாளை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன், மறுபடி கேட்பார்களே என்றுதான் மடித்து வைத்துக்கொண்டேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், பிட்டம், பின்னங்கழுத்து. இடப்பக்கம் வந்தால் வலப்பக்கமும் வரும். அரிப்பு என்றதும் பலரும் கொசுக்கடியை நினைத்துக்கொள்கிறார்கள். இது அப்படியில்லை. முதலில் தோலுக்கடியில் நெருப்பாக எரியும், அப்புறம் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக எழும்பும். டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் அத்தனையையும் சொறிந்து உடைத்திருப்பேன். அவர் பார்ப்பது வெறும் பொருக்கையும் நகக்கீறலையும்தான்.

அதனால் முதல் தீர்ப்பு சொறிசிரங்கு. வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து பாதம்வரை மருந்து பூசிக்கொண்டு படுத்தோம், படுக்கை விரிப்பையெல்லாம் வெந்நீரில் துவைத்தோம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. என்னைத் தவிர ஒருவருக்கும் ஒரு அரிப்பும் கிடையாது. ஒட்டுவாரொட்டி நோய் எனக்கு மட்டும் எப்படி வரும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இரண்டாவது தீர்ப்பு எக்ஸிமா. ஸ்டீராய்டு களிம்பு போட்டால் கொஞ்சம் அடங்கும், விட்டால் திரும்பி வரும். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்தார். "ரத்தசோகை இருக்கிறதா?" என்று கேட்டார். வருடக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறேன் என்றேன். வயிற்றுக் கோளாறு? ஒன்றுமில்லை. வயிறு ஒன்றும் சொல்லாமலே குடல் கெட்டுக்கொண்டிருக்கலாம், இந்தத் தோல் நோய் வருகிறவர்களில் பலருக்கும் அப்படித்தான் என்றார். டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ், சீலியாக் நோயின், அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோயின், தோல் முகம். 1884-இல் டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வைத்த பெயர். குளூட்டனோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பது 1960-களில்தான் தெரியவந்ததாம். மருத்துவ உலகத்துக்கே 80 வருடம் ஆகியிருக்கிறது, என் மூன்று வருடம் பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டேன். பெயரில் ஹெர்பெஸ் ஒலிப்பதற்குக் காரணம் கொப்புளங்கள் பார்க்க அதுபோல இருப்பதுதான், அந்த வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை ரசீது போடுகிறவரிடமும் நான் விளக்க வேண்டியிருந்தது. அவர் படிவத்தில் ஹெர்பெஸ் என்றே எழுதி, பேனாவை நுனியில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. அன்று இரவே கோதுமையை நிறுத்திவிட்டேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டோ மேஜை டிராயரில் மூன்று மாதம் தூங்கியது. பிறகு போய்க் கொடுத்தால், முடிவு எல்லைக்குக் கீழே. டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்போது நிறுத்தினீர்கள்?" குளூட்டன் உள்ளே போகாவிட்டால் இந்தச் சோதனை தேடுகிற எதிர்ப்பொருள் ரத்தத்தில் குறைந்துவிடும். திரும்ப 6 வாரம் தினமும் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். எது என்னைக் கொல்கிறது என்று தெரிந்தபின் அதையே மருந்துபோல் விழுங்கிய அந்த 6 வாரத்தை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். சீட்டு கையில் இருந்தால் முதலில் ரத்தம் கொடுங்கள், சாப்பாட்டை அப்புறம் மாற்றுங்கள். ஐஜிஏ என்பது ஒரு வகை எதிர்ப்பொருள்; சீட்டில் டிடிஜி ஐஜிஏ என்ற இந்தச் சோதனை எழுதியிருந்தால் மொத்த ஐஜிஏ-வும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு நோய் இருந்தும் டிடிஜி ஐஜிஏ சோதனை நோய் இல்லை என்று காட்டிவிடும்.

இம்முறை ரத்தத்தில் தெளிவாகவே வந்தது. அடுத்து பயாப்ஸி, அதாவது நான் ஆரம்பத்தில் சொன்ன கூத்து. எடுத்தவர் நல்லெண்ணத்தோடு, இருப்பதிலேயே பெரிய கொப்புளமாகத் தேடிப்பிடித்து அதன்மேல் எடுத்தார். சாதாரண பயாப்ஸிக்கு அது சரி, ஃபார்மலினும் சரி. இம்யூனோஃப்ளூரசென்ஸ், அதாவது ஒளிரும் சாயத்தால் பார்க்கும் இந்தச் சோதனைக்கு இரண்டுமே தப்பு. தோலின் மேலடுக்குக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும் ஐஜிஏ-வைத்தான் தேடுகிறார்கள். கொப்புளத்துக்குள் நடக்கிற அழற்சி அந்தப் படிவையே அழித்துவிடலாம். அதனால் கொப்புளத்துக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிற தோலில் எடுக்க வேண்டும். ஃபார்மலின் புரதத்தை மாற்றிவிடுவதால் ஒளிரும் சாயம் ஒட்டாது. மிஷெல் திரவம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் போட வேண்டும், இல்லையென்றால் உறையவைத்து அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை போனால், "அந்த பாட்டில் ஸ்டாக் இல்லை, வியாழக்கிழமை வாங்க" என்றார்கள். வியாழன் போனேன், வரவில்லை. திங்கட்கிழமை கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து, பாட்டில் வந்துவிட்டதா, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்று கேட்டேன். எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது, ஆனால் படித்தார்கள். மேஜையில் படுத்தபிறகும் பாட்டிலை ஒருமுறை காட்டச் சொன்னேன். நர்ஸ் சிரித்துவிட்டார். முடிவு ஐஜிஏ படிவு இருக்கிறது என்று வந்தது. நோய் உறுதியானதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டாப்சோன் என்ற மாத்திரை எழுதினார்கள். ஆனால் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தச் சோதனை பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்துவிடும். குறைவில்லாதவர்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும், அதற்காகத்தான் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. எனக்கும் இறங்கி, மாத்திரை அளவைக் குறைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என் விரல்களைப் பார்த்தார். தொழுநோய்க்கும் இதே மருந்துதான். நான் ஒன்றும் விளக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, வருடங்களுக்குப் பிறகு, விடியும்வரை தூங்கினேன்.

இந்தத் தூக்கத்தை நம்பி மறுபடி கோதுமைக்குப் போகிறவர்கள் உண்டு. மாத்திரை அடக்குவது தோலை மட்டும். குடலுக்கு அது ஒன்றும் செய்யாது. அதற்கு கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விடுவதுதான் வழி, அது தோலில் தெரியவோ மாதக்கணக்காகும். தெரியாமல் குளூட்டனைக் கூட்டி வருபவை மால்ட்டும் சோயா சாஸும்தான். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பொருளில்கூட பல நாடுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராம்வரை அனுமதி உண்டு, அது பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. எனக்குக் கடைசியாக முழங்கை எரிந்தது ஒரு கரண்டியால். இரண்டு பாத்திரத்துக்கும் ஒரே கரண்டி போட்டிருந்தார்கள். சில பேருக்கு அயோடினும் தூண்டிவிடும் என்றார் டாக்டர். உப்பை மாற்றிப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றரை வருடம் ஆகிறது. மாத்திரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த மாதம் ரத்த முடிவைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர்.