திருக்கனூர் காகிதப் பொம்மைக்கு ஆவணியிலேயே கிளம்புங்கள்

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. புதுச்சேரியிலிருந்து திருக்கனூர் சுமார் 25 கிலோமீட்டர். வில்லியனூர், பத்துக்கண்ணு வழியாகப் பஸ் போகும். கடலூரிலிருந்து நான் வந்து இறங்குவதற்குள் ஒன்பதரை பஸ் போய்விட்டது. முக்கால் மணி நேரம் நின்றேன். "ஞாயித்துக்கிழமை இனி பஸ் கிடையாதும்மா, எண்ணூறு குடுங்க" என்றார் ஒருவர். அறுநூறுக்குப் பேசி ஏறினேன். வில்லியனூர் தாண்டுவதற்குள் திருக்கனூர் பஸ் எங்களை முந்திக்கொண்டு போகிறது, பாதி காலியாக! பொம்மைக்கென்று நான் எடுத்து வைத்திருந்ததே மூவாயிரம்தான். அதில் அறுநூறு போனது இன்னும் எரிகிறது.

எங்கள் வீட்டுக் கொலுவில் வண்டிப்பாளையம், பண்ருட்டி மண் பொம்மைகள்தான். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் பரணிலிருந்து இறக்கும்போது ஒரு கையோ மூக்கோ போய்விடும். திருக்கனூர் பொம்மை காகிதக்கூழில் செய்வது, தூக்கினால் கனமே தெரியாது. 'பப்பியே மாஷே' என்பது பிரெஞ்சுப் பெயர், மென்ற காகிதம் என்று அர்த்தம். வில்லியனூர் சுடுமண் வேலையைப் போல இதற்கும் புவிசார் குறியீடு உண்டு.

டீக்கடையில் விசாரித்துத்தான் பொம்மை செய்யும் வீட்டைக் கண்டுபிடித்தேன். திண்ணையில் நான்கு பெண்கள். ஊறவைத்த காகிதத்தை இடித்துப் பசையும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து வைத்திருந்தார்கள். அதை அச்சில் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டுகிறார்கள். முன்பாதி தனி, பின்பாதி தனி. காய்ந்ததும் இரண்டையும் ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் காகிதத் துண்டால் மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வெயில் அடித்தால் இரண்டு நாளில் காயும். ஆவணி மழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் ஆனாலும் ஈரம் போகாதாம்.

தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் கட்டைவிரலைப் பார்த்தேன். ரேகையே இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. "பேங்க்ல கைரேகை வெச்சா மிஷின் எடுக்க மாட்டேங்குதும்மா. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

மதியம் "வெயில்ல எங்கம்மா போவ, உக்காரு" என்று ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். மோர் விட்டுக் கரைத்தது. கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும், எண்ணெயில் பொரித்த மோர்மிளகாயும். பாண்டியில் முந்தின மாதம் முந்நூறு ரூபாய் கொடுத்துச் சாப்பிட்ட சாப்பாடு இதற்குப் பக்கத்திலேயே வராது. இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சரி, விலைக்கு வருகிறேன். ஒன்றரை அடி செட்டியார் பொம்மை நானூறு ரூபாய். இதே அளவு பொம்மையை பாண்டியில் கடற்கரைப் பக்கத்துக் கடை ஒன்றில் 1,450 என்று பார்த்திருக்கிறேன். கடைக்காரர்களுக்கு வாடகை இருக்கிறது, லாபம் வைக்கட்டும். என் கோபம் வேறு. சில வியாபாரிகள் சரக்கை எடுத்துக்கொண்டு போய், நவராத்திரி முடிந்து, விற்றதற்கு மட்டும் காசு கொடுக்கிறார்களாம். விற்காதது மூக்கு உடைந்து திரும்பி வரும். அதுவரை பெயிண்ட்டுக்கும் பசைக்கும் இவர்கள் வாரக் கடன் வாங்குகிறார்கள். பெண்கள் பெயரில்தான் கடன், வட்டியும் அவர்கள் தலையில்தான்.

"நாங்க என்ன பண்ணா உங்களுக்கு உதவியா இருக்கும்க்கா?" என்று நேராகவே கேட்டேன். "பாதிப் பணம் முன்னாடியே குடுத்தாப் போதும்மா" என்றார். கேட்டது அவ்வளவுதான்.

தயவுசெய்து அங்கே போய்ப் பேரம் பேசாதீர்கள். ஷோரூமில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. புரட்டாசி பிறந்தபிறகு ஓடாமல் ஆவணியிலேயே போய் ஆர்டர் கொடுங்கள்.

செட்டியாரையும் செட்டிச்சியையும் எண்ணூறுக்கு வாங்கினேன். தசாவதார செட்டுக்கு ஆயிரம் முன்பணம் கொடுத்தேன். கையில் மிஞ்சியது அறுநூறு. திரும்பும்போது பஸ்தான். நல்ல கூட்டம், உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி பொம்மை இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "காகிதமா இது!" என்று வில்லியனூர் வரும்வரை தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

புரட்டாசி முதல் வாரம் செட் தயாராகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதரை பஸ்ஸைப் பிடிக்க, கடலூரில் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவேன்.