சென்னையிலிருந்து மதுரைக்கு நாயோடு: கதவைத் திறப்பதற்கு முன்

நாயை காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகப்போகிறோம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "வாந்தி எடுக்குமா?" என்பதுதான். எடுத்தால் துடைத்துவிடலாம். உயிருக்கே ஆபத்தாவது பெரும்பாலும் வண்டி நின்ற பிறகுதான். டீ குடிக்க நிறுத்தும்போது திறந்த கதவு வழியாகப் பாய்ந்து நான்குவழிச் சாலைக்குள் ஓடிவிடும். நிழல் என்று நம்பி நிறுத்திய வண்டிக்குள் வெந்துபோகும். ஓட்டல் வாசலில் தெருநாய்க் கூட்டத்திடம் மாட்டிக்கொள்ளும். அதனால் சென்னை - மதுரை போன்ற சுமார் 460 கிலோமீட்டர் பயணத்துக்கு, எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நிறுத்துவது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

கோடையில் விடிகாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். திண்டிவனத்தை ஒட்டி ஒரு நிறுத்தம், பெரம்பலூர் பக்கம் ஒன்று, திருச்சி தாண்டி விராலிமலை அருகே ஒன்று. இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் நின்றால் போதும், மதியத்துக்குள் மதுரை வந்துவிடும். கடைசி நிறுத்தத்தில் தார் சூடேறியிருக்கும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. பல நாய்கள் சிமென்ட் தரையில் சிறுநீர் கழிக்காது. அதனால் பெரிய ஓட்டலைவிட, ஓரத்தில் மண்தரை உள்ள பெட்ரோல் பங்க் நல்லது.

இறக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கதவு மூடியிருக்கும்போதே கயிற்றை மாட்டி, அதன் வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் நாயைப் பிணைத்திருக்கும் சீட் பெல்ட் கொக்கியைக் கழற்ற வேண்டும். அதற்கும் பிறகு கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, முழங்காலால் இடைவெளியை அடைத்து, நாய் நிதானமானதும் இறக்குங்கள். தனியாக ஓட்டுபவர்கள் இறங்குமுன் முன்சீட்டிலிருந்தே திரும்பிக் கயிற்றை மாட்டிவிட வேண்டும். பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டே இருக்கட்டும். கண்ணாடிப் பொத்தான்களையும் ஓட்டுநர் பக்கத்திலிருந்து பூட்டிவிடுங்கள், ஏனென்றால் நாயின் கால் பட்டாலே கண்ணாடி இறங்கிவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய் இனங்களை வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதல்ல. லாரி ஏர் ஹாரன் அடித்ததும் மிரண்டு பின்வாங்கினால் சாதாரணக் கழுத்துப்பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும், நாய் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையும் மார்பைச் சுற்றும் ஹார்னஸும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் செல்பேசி எண்ணோடு, வண்டியில் கூட வருபவரின் எண்ணையும் பட்டையில் பொறித்துவிடுங்கள்.

வண்டி ஓடும்போது நாயின் இடம் பின்சீட்டு. முன்சீட்டில் ஏர்பேக் வெடித்தால் நாயைக் கொன்றுவிடும். சீட் பெல்ட் கொக்கியை ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் மாட்டினால் ஒரு திடீர் பிரேக்கில் கழுத்து முறியும். படுக்கவும் உட்காரவும் முடிகிற நீளம் போதும், முன்சீட்டுகளுக்கு நடுவே தலை வருகிற நீளம் கூடாது. கூண்டு என்றால் எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். கூண்டும் அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டுவதைப் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் லாரிச் சக்கரம் தெறிக்கும் ஒரு சிறு கல் கண்ணைப் பறித்துவிடும்.

இனி வெப்பம். வெளியே 35 டிகிரி இருந்தால் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் 45ஐத் தொடும், அரைமணியில் 50ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் வராது. "ஏசி ஓடுகிறதே" என்று விட்டுப் போவதும் தவறு. இன்ஜின் நின்றாலோ கம்ப்ரஸர் மக்கர் செய்தாலோ நாய்க்குச் சொல்லத் தெரியாது. ஒருவர் எப்போதும் கூட இருங்கள், மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, அவற்றுக்கு அந்த வழியே குறுகல்.

நிறுத்தும் இடத்திலெல்லாம் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு செங்கல் சிவப்பாகி, எச்சில் கயிறுபோல் தடித்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எங்கும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 39.5க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

வயிற்று விஷயம் சுருக்கமாக. கிளம்ப 4 மணி நேரத்துக்கு முன் பாதி வயிற்றுக்குக் கொடுங்கள். விடிகாலைப் பயணமென்றால் முந்தைய இரவு உணவே போதும். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். 25 கிலோ லேப்ரடாருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். 3 லிட்டர் எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு ஒரு டம்ளர் வீதம் கொடுங்கள். அடிக்கடி உதட்டை நக்குவது, கொட்டாவி, எச்சில் வடிவது மூன்றும் வாந்திக்கு முன்னறிவிப்பு. இந்த வழக்கமுள்ள நாய்க்கு மருத்துவர் மரோபிட்டன்ட் மாத்திரை எழுதிக்கொடுப்பார். நமக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுக்காதீர்கள். அடங்கிக் கிடக்கட்டும் என்று நீங்களாகத் தூக்க மருந்தும் கொடுக்காதீர்கள், அது உடல்வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். காரே பழகாத நாயென்றால் இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்: முதலில் இன்ஜின் ஓடாத வண்டிக்குள் 5 நிமிடம், பிறகு 2 கிலோமீட்டர், 10, 40.

கீழே இறக்கினால் கண் தரையில் இருக்கட்டும். நெடுஞ்சாலை நடுத்திட்டில் அழகுக்கு வைத்திருக்கும் அரளி இலை, பூ, குச்சி எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பொறுக்கிவைத்த குச்சியை நாய் கடித்து விளையாடுவதைப் பார்த்தால் உடனே வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரியாணிக் கடை ஓரத்துக் கோழி எலும்பும் அப்படித்தான். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

தெருநாய்களைப் பார்த்தால் கயிற்றை அள்ளிச் சுருக்கி வண்டியின் மறுபக்கம் நகருங்கள். அது அவற்றின் எல்லை, நாம்தான் நுழைந்திருக்கிறோம். மறுபடி ஏற்றுமுன் காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, அக்குள், பட்டைக்கு அடிப்பகுதி நான்கையும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி கிடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். முறுக்கவோ மண்ணெண்ணெய் தடவவோ வேண்டாம். தடுப்பூசிப் புத்தகமும் கையோடு இருக்கட்டும், வழியில் நாய்க்கடி என்றால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு சாமான் இறக்கப் போய்விடாதீர்கள். தெரியாத வீடு, திறந்த கேட், களைத்து மிரண்ட நாய். முதலில் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, துவைக்காத அதன் பழைய விரிப்பைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து. முதல் இரண்டு நாள், சுவர் வைத்த முற்றமாகவே இருந்தாலும், வெளியே கயிறு இல்லாமல் விட வேண்டாம்.