கார்ட்லெஸ் டூல் வாங்கறீங்களா? பேட்டரியைப் பாருங்க
புதுசா வர்ற கார்ட்லெஸ் டூல்கள்ல (வயர் இல்லாம பேட்டரியில ஓடற டிரில், ரம்பம் மாதிரி கருவிகள்) மோட்டாரை விட பேட்டரியிலதான் விஷயம் இருக்கு. '20 வோல்ட் மேக்ஸ்', '18 வோல்ட்' ரெண்டும் ஒண்ணுதான். உள்ளே தொடரா 5 லித்தியம் செல், ஒவ்வொண்ணும் 3.6 வோல்ட், ஆக 18. முழு சார்ஜில் செல் 4 வோல்ட்டைத் தாண்டும், அதைச் சொல்லி 20. வெறும் விளம்பர வித்தை.

உண்மையான மாற்றம் 'டேப்லெஸ்' செல். சாதா செல்லில் மின்சாரம் முழுக்க 'டேப்'ங்கற ஓரிரு மெல்லிய பட்டை வழியாத்தான் வெளியே வரணும். லோடு ஏறினா அங்கே சூடாகும், வோல்டேஜ் சரியும். டேப்லெஸ்ல அந்தப் பட்டை கிடையாது; செல்லுக்குள்ள சுருட்டி வச்சிருக்கற தகட்டின் விளிம்பு முழுக்கவே இணைப்பு, அதனால மின்தடை குறைவு. ஆங்கிள் கிரைண்டர், வட்ட ரம்பம் ஓட்டினா வித்தியாசம் தெரியும். ஸ்க்ரூ முடுக்க மட்டும்னா சாதா செல் இருக்கற 2 ஆம்பியர்-அவர் (பேட்டரி கொள்ளளவு) பேட்டரி பேக்கே போதும், எடையும் குறைவு.

சூடா இருக்கற பேக்கை உடனே சார்ஜர்ல மாட்டாதீங்க, ஆறட்டும்.